முன்னங்கால் எடுத்த நாய், இன்று 3-ம் நாள்: வீக்கம், ராத்திரி அலறல், வழுக்கும் தரை

மருதமரம் (கேள்வி):

வணக்கம். எங்கள் மணி நாட்டு நாய், ஆண், 4 வயது, 18 கிலோ. இரண்டு மாதத்துக்கு முன் பைக் மோதி வலது முன்னங்கால் நரம்பு அறுந்துவிட்டது. கால் துவண்டு தரையில் இழுபட்டு, விரல்களின் மேல்பக்கம் புண்ணாகி, அந்தப் புண்ணையே கடித்துக் குதற ஆரம்பித்தான். டாக்டர் தோள்பட்டை எலும்போடு சேர்த்து காலை எடுத்துவிட்டார். இன்று மூன்றாம் நாள், வீட்டில் இருக்கிறான்.

மருந்து: வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் தினம் ஒரு வேளை, நரம்பு வலிக்கு கேபாபென்டின் 100 மி.கி. கேப்சூல் இரண்டிரண்டாகக் காலையும் இரவும், கிருமிக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் இரண்டு வேளை.

என் சந்தேகங்கள். தையலுக்குக் கீழே, நெஞ்சுப் பக்கம், எலுமிச்சம்பழம் அளவுக்குத் தொளதொளவென்று ஒரு வீக்கம் வந்திருக்கிறது. வயிறு வரைக்கும் தோல் ஊதாவாக இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மலம் போகவில்லை, சிறுநீர் போகிறான். தூங்கிக்கொண்டிருப்பவன் திடீரென்று அலறி எழுந்து தோளைத் திரும்பிப் பார்க்கிறான், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுகிறான். வீடு முழுக்க மொசைக் தரை, நிற்கவே பயப்படுகிறான். நாங்கள் இருப்பது முதல் மாடி. எப்போது படி இறக்கலாம்? அதுவரை கட்டிப்போட்டு வைக்க வேண்டுமா?


நொச்சிப்பூ:

வீக்கத்தை முதலில் பார்ப்போம். தோள்பட்டையோடு எடுக்கும்போது தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதில் நிணநீர் சேரும். 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள் இப்படித் தண்ணீர்ப் பை மாதிரி தொங்குவது அடிக்கடி நடப்பதுதான். தொட்டால் தொளதொளவென்று இருந்து, சூடும் வலியும் இல்லாமல், நாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஊசி குத்தி எடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், வீட்டில் அந்த வேலையே கூடாது. சுத்தமாக இருக்கும் நீருக்குள் கிருமியைக் கொண்டுபோய் விடுகிற வழி அது. ஊதா நிறம் உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்கியது, நாள் போகப் போகப் பச்சையாகி, மஞ்சளாகி மறையும்.

ஆனால் அளந்து வையுங்கள். முடி மழித்த தோலில் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தினமும் அதே நேரத்தில், அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுங்கள். கோட்டைத் தாண்டி சில மணி நேரத்தில் வேகமாகப் பெரிதானால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். உடனே ஈறைப் பாருங்கள். மேல் கோரைப்பல்லுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் ரோஸ் நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியிருந்தாலோ, நிறம் திரும்பத் தாமதமானாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். வீக்கம் சூடாகி, தொட்டால் வலித்து, தையல் வழியே கெட்டியான திரவம் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, ஆசனவாய் வழி எடுத்த வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ அது சீழ். நாயின் சாதாரண வெப்பமே 100.5 முதல் 102.5 வரை, நம் கணக்கில் பார்த்து பயந்துவிடாதீர்கள்.

ஒத்தடம்: முதல் மூன்று நாள் குளிர். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி 10 நிமிஷம், நாளுக்கு மூன்று முறை. நாளையிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடத்துக்கு மாறலாம். துணியை முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். அங்கே சுட்டால் அவனுக்கும் சுடும்.

மலம் 3, 4 நாள் வராமல் இருப்பது சகஜம். ஆபரேஷனுக்கு முன் பட்டினி, பிறகு குறைவான சாப்பாடு, போதாததற்கு மயக்கத்தோடு கொடுக்கும் ஓபியாய்டு வலி மருந்து குடலை மந்தமாக்கும். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி இரண்டு டேபிள்ஸ்பூன், சாப்பாட்டில் கூடுதல் தண்ணீர், இவை போதும். நாளையும் போகாமல் முக்கிக்கொண்டே நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் விஷயத்தில் இவ்வளவு பொறுமை கூடாது, 12 மணி நேரம் போகவில்லை என்றாலே கேட்டுவிட வேண்டும். காலைத் தூக்கிப் பழகிய ஆண் நாய் இனி உட்கார்ந்தவாக்கில் போவான். காலைத் தூக்கினால் இரண்டு காலில்தானே நிற்க வேண்டியிருக்கும், அதை அவனே கண்டுகொள்வான்.

இப்போது அலறல். இது நரம்பு வலி. இல்லாத காலில் வலி தெரிவதும், வெட்டிய இடத்துத் தசை திடீரென்று இழுப்பதும் முதல் இரண்டு வாரம் இப்படித்தான் காட்டும்: அலறி எழுவது, தோளைத் திரும்பிப் பார்ப்பது, தையலை நோக்கிக் கடிக்கப் போவது. மணி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பைக் மோதி அறுந்த நரம்பு முதுகுத்தண்டின் வேரிலேயே பிய்ந்திருக்கலாம். அப்படியானால் வலியின் ஊற்று தண்டுவடத்தில் இருக்கிறது, காலை எடுத்ததும் அது முழுசாக நிற்காது. எனவே கேபாபென்டினை இரண்டு வாரத்தில் அவசரமாக நிறுத்திவிடாதீர்கள்.

அளவு சரிதான். கேபாபென்டின் கிலோவுக்கு 10 மி.கி. சுற்றி, 8 முதல் 12 மணிக்கு ஒரு முறை என்பது வழக்கம். 18 கிலோவுக்கு 200 மி.கி. பொருந்துகிறது. ஆனால் 12 மணி இடைவெளியில் கொடுத்து, அலறல் பெரும்பாலும் அடுத்த வேளைக்கு முந்தைய சில மணி நேரத்தில் வருகிறதென்றால் மருந்து தீர்ந்துபோகிறது என்று அர்த்தம். எத்தனை மணிக்கு அலறினான், எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தீர்கள் என்று இரண்டு நாள் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். 8 மணிக்கு ஒன்றாக மாற்றுவதை அவர் முடிவு செய்வார். கேப்சூலுக்குப் பதில் மனிதர்களுக்கான சிரப் வாங்கிவிடாதீர்கள். சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு அது விஷம். மருந்து கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தள்ளாட்டம் அதிகமாக இருக்கும். அதனால் சிறுநீருக்கு வெளியே கூட்டிப்போய் வந்த பிறகு மருந்து கொடுங்கள், கொடுத்த பிறகு கூட்டிப்போகாதீர்கள். நிறுத்தும்போதும் ஒரு வாரமாவது படிப்படியாகக் குறைத்துத்தான்.

மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து 0.1. மணிக்குத் தினம் 1.8 மி.கி. நாய்களுக்கான 1.5 மி.கி./மி.லி. திரவமாக இருந்தால் 1.2 மி.லி. மெடிக்கலில் கிடைக்கும் மனிதர்களுக்கான மாத்திரை 7.5 மி.கி., அதாவது அவன் அளவைப் போல நான்கு மடங்கு. பாதியாக உடைத்தாலும் இரண்டு மடங்கு. ஒரு வேளை தப்பினால் அடுத்த வேளை சேர்த்துக் கொடுக்காதீர்கள். வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த டோஸை நிறுத்திவிட்டு போன் பண்ணுங்கள். சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டோடு சேர்க்கவே கூடாது. வலி தாங்கவில்லை என்று வீட்டில் இருக்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் கொடுத்து குடல் புண்ணும் சிறுநீரகக் கோளாறுமாக வருகிற நாய்கள் ஏராளம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.


வேப்பங்காற்று:

மேலே சொன்னவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும், ஈயும் உண்ணியும்.

ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வந்துவிடும். தினம் இரண்டு முறை டார்ச் அடித்து, மழித்த தோலும் முடியும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். ரவையைக் கொட்டியது போல வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது முட்டை, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். படுக்கைக்கு மேல் குழந்தைகளுக்கான கொசுவலை போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. புண்ணுக்கான ஸ்ப்ரேயைத் தையலின் மேலேயே அடிக்காதீர்கள். மஞ்சள்தூள், வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். தையல் உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் தடவினால் நக்கத்தான் தூண்டும். தையல் 10 முதல் 14 நாளுக்குள் பிரிப்பார்கள், அதுவரை குளியலும் கிடையாது.

உண்ணிக் காய்ச்சல் இருந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் ரத்தத்தட்டு குறையும், ஆறிக்கொண்டிருக்கும் காயம் திரும்பக் கசியும். காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் தேடுங்கள். குளிப்பாட்ட முடியாத நேரத்தில் வாய்வழி உண்ணி மாத்திரை வசதி, ஆனால் வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் கலக்கி ஊற்றும் உண்ணி மருந்து இப்போது கூடாது.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கோன் மூக்கு நுனியைத் தாண்டி 2 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். முன்னங்கால் எடுத்தவர்களுக்கு அதில் ஒரு தொல்லை உண்டு. தலை தாழ்ந்தே இருக்கும், கோனின் விளிம்பு தரையில் இடித்து முன்னால் கவிழ்வார்கள். நடக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே இருந்தால் கழற்றுங்கள், கண் மறைவதற்குள் மாட்டுங்கள். பருத்தி டி-ஷர்ட் மேலே போடலாம், காற்றோட்டமாக இருக்கும். அதை மட்டும் நம்பினால் துணியோடு சேர்த்துத் தையலைப் பிடுங்குவார்கள். தண்ணீர், சாப்பாட்டுக் கிண்ணத்தை 6 அங்குல முக்காலியில் வையுங்கள், குனிந்து சாப்பிட இன்னொரு முன்னங்கால் வேண்டியிருக்கும்.


கல்தூண்:

தரை, பிடிமானம், நடை பற்றி எழுதுகிறேன். மற்றதை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள்.

நாய் நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில், 40 சதவீதம் பின்னங்கால்களில் விழும். மணிக்கு இதுவரை இரண்டு கால் பகிர்ந்த பாரம் இப்போது இடது முன்னங்காலில் வந்துவிட்டது. பின்னங்கால் எடுத்த நாயைவிட இவனுக்குக் கொஞ்சம் சிரமம்தான். அவன் தரையைப் பார்த்துப் பயப்படுவது பலவீனத்தால் அல்ல, அந்த ஒற்றைக் கால் மொசைக்கில் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்தால் தோளும் மார்புத் தசையும் கிழியும் என்று உடம்புக்குத் தெரிகிறது. தரையைச் சரி பண்ணிய அன்றைக்கே பாதி நாய்கள் நடந்துவிடும்.

படுக்கையிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து வாசல், இந்தப் பாதைக்கு மட்டும் போதும், வீடு முழுக்க வேண்டாம். யோகா பாய் 2 அடி அகலம், 5½ அடி நீளம் இருக்கும், மூன்று வாங்கி நுனியோடு நுனி வைத்து ஒட்டுங்கள். பாயின் அடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டினால்தான் மொசைக்கில் நிற்கும். சாக்கைப் போட வேண்டாம், அது நாயையும் இழுத்துக்கொண்டு போகும். நகத்தை வெட்டி, விரலிடுக்கு முடியைப் பாதத்தின் மட்டத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். முடி நீண்டால் ரப்பர் பாயில்கூட சாக்ஸ் போட்டது போல வழுக்கும். வீடு துடைத்தால் முழுசாகக் காயும்வரை அவன் பாதையில் ஈரம் இருக்கக் கூடாது.

கட்டிப்போட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இது எலும்பு முறிவு அல்ல, உள்ளே ஒட்ட வேண்டிய எலும்பு இல்லை. தோலும் தசையும் சேர 14 நாள் போதும். அந்த நாட்களில் ஓட்டம், குதிப்பு, கட்டில் ஏறுவது, மற்ற நாயோடு விளையாட்டு, இவைதான் தடை. ஓர் அறையில் விட்டுவைத்து, நாளுக்கு 4, 5 முறை ஐந்தே நிமிஷம் நடக்க விடுங்கள். முழு ஓய்வு கொடுத்தால் மீதிக் கால்களின் தசை கரையும், பிறகு அதைத் திரும்ப வளர்ப்பது பெரிய வேலை.

கழுத்துப் பட்டையில் செயின் போட்டு இழுக்காதீர்கள். முன்னால் ஒரே கால் இருப்பவனைக் கழுத்தால் இழுத்தால் மூக்குக் குப்புற விழுவான். தையல் பிரிக்கும்வரை குளியல் துண்டை நீளவாக்கில் 6 அங்குல அகலத்துக்கு மடித்து, விலாவின் கடைசிப் பகுதிக்கு அடியில் கொடுத்து இரண்டு நுனியையும் முதுகுக்கு மேல் பிடியுங்கள். தையலில் படக்கூடாது. தூக்கக் கூடாது, சும்மா தொட்டுக்கொண்டிருந்து அவன் சாயும்போது மட்டும் இறுக்க வேண்டும். நீங்களே எடையைத் தாங்கினால் அவன் சமநிலை பழகவே மாட்டான்.

தையல் பிரித்த பிறகு ஹார்னஸ், அதாவது கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை. கடையில் விற்பது நாலு காலுக்கானது, தோள்பட்டை இல்லாத பக்கம் நழுவிப்போகும். தையல்காரரிடமே தைக்கலாம். 2 அங்குல நைலான் பட்டை, உள்பக்கம் 1 செ.மீ. ஸ்பாஞ்ச், அதன் மேல் பருத்தித் துணி. நெஞ்சுப் பகுதி அகலமான ஒரே துண்டாக, கால் நுழையும் ஓட்டை இடதுபக்கம் மட்டும். உடம்பைச் சுற்றும் பட்டைகள் இரண்டு வேண்டும்: ஒன்று இடது முழங்கைக்குப் பின்னால் மூன்று விரல் தள்ளி, இன்னொன்று விலா முடியும் இடத்தில். இந்த இரண்டாவது பட்டை இல்லாவிட்டால் முழுசும் சுழன்று வலதுபக்கம் போய்விடும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். கைப்பிடி முதுகின் நடுவில். முதல் வாரம் அரை மணிக்கு மேல் போட்டு வைக்காமல், கழற்றியதும் அக்குளில் சிவந்திருக்கிறதா பாருங்கள். அந்த அக்குள் உராய்ந்து புண்ணாகிவிட்டால் மாற்றி ஊன்ற வேறு முன்னங்கால் கிடையாது.

படி: முதல் மூன்று நான்கு வாரம் தூக்கித்தான். ஆபரேஷன் பக்கம் வெளியே இருக்கும்படி பிடித்து, ஒரு கை இடது காலுக்குப் பின்னால் நெஞ்சடியில், இன்னொன்று பின்தொடையைச் சுற்றி. 18 கிலோவை ஒருவர் படியில் தூக்குவது ஆபத்து, கெட்டிப் போர்வையில் படுக்க வைத்து இருவர் பிடியுங்கள். பிறகும் ஏறுவதை முதலில் பழக்குங்கள். இறங்கும்போது முழு எடையும் அந்த ஒற்றை மணிக்கட்டில் குத்தும். ஆயுசுக்கும் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பயிற்சி 15-ம் நாளுக்குப் பிறகு, டாக்டர் சரி என்றதும். நிற்கவைத்து இடுப்பில் இரண்டு விரலால் மெல்லத் தள்ளி, அவன் எதிர்த்து நிற்கும்வரை 5 விநாடி, பக்கத்துக்குப் பத்து முறை. கோழித்துண்டை மூக்கிலிருந்து தோள்வரை, பிறகு இடுப்புவரை கொண்டுபோய், கால் நகராமல் கழுத்தை மட்டும் வளைக்க வைப்பது, பக்கத்துக்கு ஐந்து. உட்கார்ந்து எழுவது ஐந்து, நாளுக்கு இரண்டு முறை. மூன்றாம் வாரத்தில் தலையணை மேல் நிற்க வைக்கலாம். கால் நடுங்க ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்துங்கள். ஒன்றைக் கவனிப்பீர்கள்: அவன் வேகமாகத் துள்ளிப் போவான், மெதுவாக நடக்கச் சொன்னால் திணறுவான். மூன்று காலுக்கு மெது நடைதான் கடினம். அதனால்தான் மெது நடையே நல்ல பயிற்சி.


மருதமரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோடு போட்டுவிட்டேன். அலறல் நேரம் பார்த்தால் விடியற்காலை 4, 5 மணிக்குத்தான் இரண்டு முறையும். இரவு மருந்து 7 மணிக்கு. கல்தூண் அண்ணா, இடது கால் இப்போதே உடம்பின் நடுவுக்கு வந்து நிற்கிறது, வளைந்துவிட்டதா? அம்மா பாவம் என்று தயிர்சாதமும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், அது சரியா?


கல்தூண்:

வளையவில்லை தம்பி. எடையின் நடுக்கோட்டுக்குக் கீழே காலைக் கொண்டுவருகிறான், அப்படித்தான் நிற்க வேண்டும். பார்க்க வேண்டியது மணிக்கட்டு. பக்கவாட்டிலிருந்து இப்போது ஒரு போட்டோ எடுத்து வைத்து மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். மணிக்கட்டு தரையை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ காட்டிவிட வேண்டும். நடக்கக் கூட்டிப்போவது காலை 7-க்கு முன், மாலை 7-க்குப் பின். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவனுக்கும் அது ஆகாது.


நொச்சிப்பூ:

7 மணி மருந்து விடியற்காலையில் தீர்ந்துவிடுகிறது, அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் குறிப்பு அவருக்கு மிகவும் உதவும்.

சாப்பாட்டில் அம்மாவிடம் அன்பாகத்தான் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லியாக வேண்டும். மணிக்குப் படுத்திருக்கும்போது தேவை தினம் 610 கலோரி சுற்றி, இப்போதைய அசைவுக்கு 750 முதல் 850. எலும்பு நீக்கி வேகவைத்த கோழி 200 கிராம், சாதம் 200 கிராம், ஒரு முட்டை, பூசணி அல்லது கேரட் 100 கிராம், தயிர் 50 கிராம், இது ஏறக்குறைய 730. இதற்கு மேல் தினம் பத்து குளுக்கோஸ் பிஸ்கட் என்றால் கூடுதலாக 250. புண் ஆற வேண்டியது புரதம், தயிர்சாதத்தில் அது குறைவு. வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. இந்தக் கலவை சில வாரத்துக்குத்தான். நிரந்தரமாக வீட்டுச் சாப்பாடு என்றால் கால்சியம் போதாது, டாக்டரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

தையல் பிரிக்கும் அன்று எடை போட்டு, அதையே புது எடையாக எழுதி வையுங்கள். பழைய 18-க்குத் திரும்பக் கொண்டுவர முயலாதீர்கள், அதில் ஒரு காலின் எடையும் இருந்தது. விலாவில் கை வைத்தால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். மூட்டுக்கு மீன் எண்ணெய் நல்லது, முள் எடுத்து வேகவைத்த மத்தியும் கொடுக்கலாம்.


மருதமரம்:

கடைசியாக ஒன்று. செயற்கைக் கால், சக்கர வண்டி என்று வீடியோ பார்க்கிறோம். மணிக்கு வாங்கலாமா?


கல்தூண்:

செயற்கைக் கால் மாட்ட முழங்கைக்குக் கீழே தண்டு மிச்சம் இருக்க வேண்டும், அதை ஆபரேஷனுக்கு முன்பே திட்டமிடுவார்கள். தோள்பட்டையோடு எடுத்தவனுக்கு மாட்ட இடமில்லை. துவண்ட காலில் தண்டு விட்டாலும் அது இழுபட்டுப் புண்ணாகியிருக்கும், எனவே முழுசாக எடுத்தது சரியான முடிவு. சக்கர வண்டி இப்போது தேவையில்லை. வயதாகி இடது தோளோ மணிக்கட்டோ தளர்ந்தால் முன்பக்கம் சக்கரம் வைத்த வண்டி உண்டு, அப்போது அளவெடுக்கலாம். இந்த வாரம் வாங்க வேண்டியது மூன்று யோகா பாய், இரட்டைப் பக்க டேப், ஒரு கொசுவலை. பாயை விரித்ததும் அவனைத் தூக்கி அதில் நிறுத்தாதீர்கள். மறு நுனியில் கோழித்துண்டோடு உட்காருங்கள், அவனாக வரட்டும்.